நகைக்கடன் கம்பெனி பேப்பர் எஃப்.டி இல்லீங்க

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவங்க "சார், இது எஃப்.டி வட்டி"ன்னு நீட்டுற பேப்பர வாங்கிப் பாத்தா மேலயே என்.சி.டின்னு (ஷேரா மாத்த முடியாத கடன் பத்திரம்) அச்சடிச்சிருக்கு. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஆடிட்டர் ஆபீஸ் வச்சிருக்கிற யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. போன வாரம் ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா வந்தாங்க, கிராஜுவிட்டி மொத்தத்தையும் பாறசாலைல ஒரு நகைக்கடன் கம்பெனி பிரான்ச்ல போட்டிருக்காங்க, பேப்பர்ல சபார்டினேட்டட்னு இருக்கு, அப்படின்னா என்னன்னு அவங்ககிட்ட யாருமே சொல்லல. இனிமேலும் எழுதாம இருக்க முடியல.

நகைக்கடன் கம்பெனி பேங்க் இல்ல, சேவிங்ஸ் அக்கவுண்ட் தொறக்க முடியாது. அதனால பேங்குல கடன் வாங்கும், மிச்சத்துக்கு ஒண்ணு 1000 ரூபான்னு டிபென்ச்சரா (அதான் அந்த என்.சி.டி) வித்து சில வருஷத்துக்கு நம்மகிட்ட கடன் வாங்கும். ஷேரா வித்தா கம்பெனில பங்கு கொடுக்கணும், கடன்னா வட்டியோட முடிஞ்சுது. பெரிய கம்பெனிங்க இப்படித்தான் பணம் திரட்டுது, அதுல தப்பே இல்ல. ஆனா நீங்க டெபாசிட் போடல, கடன் கொடுக்கறீங்க.

எனக்கு ஆத்திரம் வர்றது எதுக்குன்னா, "லாக்கர்ல அவ்ளோ தங்கம் இருக்கே சார், நம்ம காசு எங்க போகும்?" இந்தக் கேள்விக்குத்தான். அந்தத் தங்கம் கம்பெனியோடது இல்லங்க, அடகு வச்சவங்களோடது. அவங்க அசலும் வட்டியும் கட்டிட்டா நகைய திருப்பிக் கொடுத்தே ஆகணும். செக்யூர்டுன்னு (ஈடு காட்டின கடன்னு) உங்களுக்கு எழுதித் தர்றது பெரும்பாலும் கம்பெனிக்கு வரவேண்டிய கடன் பாக்கி மேலதான், அதுலயும் பேங்குகளுக்கு பங்கு இருக்கும். கம்பெனி கவுந்தா நீங்க போய் லாக்கரத் தொறக்க முடியாது, உங்க சார்புல டிபென்ச்சர் டிரஸ்டிதான் போகணும், அது வருஷக்கணக்குல இழுக்கும். செக்யூர்டுக்கே இந்த நிலமை. சபார்டினேட்டட்னா மத்த கடன்காரங்க எல்லாம் எடுத்தது போக மிஞ்சினாத்தான் உங்களுக்கு. கம்பெனிக்கு அது மூலதனக் கணக்குல சேரும், அதுக்காகத்தான் 5 வருஷத்துக்கு மேல பூட்டி வச்சுட்டு வட்டிய கொஞ்சம் ஏத்திக் காட்டுறாங்க.

பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு. இதுக்கு ஒரு ரூபா கூட கிடையாது.

ரேட்டிங் (கம்பெனி கடன திருப்பிக் கட்டுமான்னு போடுற மார்க்) பாத்துட்டோம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: வீட்டுக்கடன் கம்பெனி டி.எச்.எஃப்.எல் 2019 தொடக்கத்துல டிரிபிள் ஏ, அதாவது இருக்கிறதுலயே ஒசந்த மார்க், அதே வருஷம் ஜூன்ல வட்டி கட்ட முடியாம டி ரேட்டிங். ரேட்டிங்க பாருங்க, ஆனா அத மட்டும் நம்பி மொத்தப் பணத்தையும் ஒரே எடத்துல போடாதீங்க.

பப்ளிக் இஷ்யூவா (எல்லாருக்கும் விக்கிறது) பிரைவேட் பிளேஸ்மென்ட்டான்னு (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விக்கிறது) மொதல்ல கேளுங்க. பப்ளிக்னா பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபியோட சைட்ல ப்ராஸ்பெக்டஸ் (கம்பெனி விவரம் எல்லாம் சொல்ற ஆவணம்) இருக்கும், டீமேட்ல வரும், எக்ஸ்சேஞ்ச்ல லிஸ்ட் ஆகும். பிரைவேட்ல ஒரு வருஷத்துக்கு 200 பேருக்கு மேல ஆஃபர் கொடுக்கவே கூடாது, நகை மீட்க வந்தவங்கள எல்லாம் உக்கார வச்சு கேன்வாஸ் பண்றது சட்டத்துக்கே விரோதம். அவசரத்துக்கு எஃப்.டி மாதிரி உடைக்கவும் முடியாது, லிஸ்ட் ஆனத விக்கலாம், ஆனா வாங்க ஆள் வேணும். 2023 ஏப்ரல்லேர்ந்து லிஸ்ட் ஆன என்.சி.டி வட்டிக்கும் 10% டி.டி.எஸ் (வட்டி தரும்போதே கழிக்கிற வரி) பிடிக்கிறாங்க, அதையும் கணக்குல வையுங்க.

ரப்பர் தோட்டம் வித்த காசு, பொண்ணு கல்யாணத்துக்கு ஒதுக்கினது, இதயெல்லாம் தயவுசெஞ்சு இதுல போடாதீங்க. ஏற்கனவே போட்டிருந்தா பேப்பர்ல டிரஸ்டி பேரு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, ஏமாத்தி வித்திருந்தா ரிசர்வ் பேங்கோட சச்சேத் சைட்லயும், லிஸ்ட் ஆனதுன்னா செபி ஸ்கோர்ஸ்லயும் புகார் கொடுக்கலாம்.