பாறைக்குள் ஒரு ஊர்: மூச்சு முட்டாதது எப்படி?

துருக்கியின் கப்படோசியாவுக்குப் போகிறவர்களில் பலர் விடியற்காலையில் பலூன் ஏறி, கோரெமே பள்ளத்தாக்கின் கூம்புப் பாறைகளைப் படமெடுப்பதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். மிச்சப் பகலை டெரின்குயு என்னும் நிலத்தடி ஊருக்கு ஒதுக்குவது நல்லது. நெவ்ஷேஹிர் நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் தரைக்குக் கீழேதான்.

மேலே நிற்கும் கூம்புகளுக்கும் கீழே குடைந்த ஊருக்கும் மூலப்பொருள் ஒன்றே. பல பத்து லட்சம் ஆண்டுகளாக எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகி, டஃப் என்னும் மென்பாறையானது. கடினமான கல் தொப்பியாக மூடிய இடங்களில் அடியிலிருந்த டஃப் தப்பிக் கூம்பானது; மற்ற இடங்களில் மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. புதிதாக வெட்டும்போது இந்தப் பாறை உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். காற்றுப் பட்டபின் மேற்பரப்பு இறுகும். சாய்வாக இறங்கிய உளித் தடங்களைச் சுவர்களில் இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

எதிரிகள் படையெடுத்து வந்த காலங்களில் இங்கே 20,000 பேர் வரை ஒளிந்து தங்கினார்கள் என்பார்கள். கால்நடை, தானியம், தண்ணீர் என்று கணக்குப் போட்டால் எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது. எத்தனை பேராக இருந்தாலும் காற்று வேண்டுமே! அதற்குத்தான் பாறையில் செங்குத்தாகக் குடைந்த குழாய்கள். ஒன்று ஏறக்குறைய 55 மீட்டர் ஆழம். குளிர்காலத்தில் வெளிக்காற்று உள்காற்றைவிடக் கனமானது. அது ஒரு குழாய் வழியே இறங்க, விளக்கும் மூச்சும் சூடாக்கிய காற்று வேறொன்றின் வழியே மேலேறும். கோடைப் பகலில் உள்ளேதான் குளிர்ச்சி என்பதால் கனத்த காற்று அடியிலேயே தங்கி, ஓட்டம் மந்தமாகும். இரவில் பீடபூமி குளிர்ந்ததும் மறுபடி வேகம் பிடிக்கும். தொழுவங்களை மேல் அடுக்கிலேயே வைத்ததும் கெட்டிக்காரத்தனம்: மாடுகளைப் படியிறக்கும் பாடு இல்லை, சாண நாற்றமும் ஆழத்துக்குப் போகாது.

வழிகளை அடைக்கத் திரிகை போன்ற வட்டக் கற்கள் உண்டு. உள்ளிருந்துதான் உருட்ட முடியும். பலவற்றின் நடுவில் ஒரு துளை; எதிரியைப் பார்க்கவோ ஈட்டியால் குத்தவோ.

உள்ளே எந்த மாதம் போனாலும் ஏறத்தாழ 13 முதல் 15 டிகிரிதான். நுண்துளைகள் நிறைந்த டஃப் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. பகல் வெயில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மங்கிவிடும். கோடை, குளிர் என்ற ஆண்டுச் சுழற்சிகூடச் சுமார் பத்து மீட்டருக்குக் கீழே எட்டுவதில்லை. கோரெமேவுக்குப் பக்கத்து ஊரான ஓர்தாஹிசாரில் இதை இப்போதும் காசாக்குகிறார்கள்: மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் எலுமிச்சையை லாரிகளில் கொண்டுவந்து, குளிர்சாதன இயந்திரம் எதுவுமின்றிக் குகைகளில் மாதக்கணக்கில் இருப்பு வைக்கிறார்கள்.