கூலர் திரையில் ஓடும் எண் எங்கிருந்து வருகிறது?

‘பம்ப் தலையில் எல்சிடி திரை வைத்த லிக்விட் கூலருக்குக் கூடுதலாகப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கலாமா?’ என்று, கணினிச் செயலியைத் திரவத்தால் குளிர்விக்கும் கருவி பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குளிர்ச்சிக்காக என்றால் வேண்டாம். திரை ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது. அழகுக்காக என்றால் உங்கள் காசு, உங்கள் மேசை, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதில் பெரிதாகத் தெரியும் அந்த வெப்பநிலை எண் எப்படிப் பிறக்கிறது என்பது திரையைவிடச் சுவாரசியமான விஷயம்.

கூலரின் வேலையை வேகமாகச் சொல்லிவிடலாம். கணினியின் மையச் செயலியான சிபியூ மீது செம்புத் தகடு. நடுவில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட். பம்ப் தள்ளும் திரவம் தகட்டின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, ஃபேன் அதை அறைக் காற்றுக்கு மாற்றுகிறது. அவ்வளவுதான். இந்தப் பாதையில் திரைக்கு வேலையே இல்லை. 2020இல் வந்த என்இசட்எக்ஸ்டி கிராக்கன் இசட்73இல் 2.36 அங்குலம், 320×320 பிக்சல் திரை இருந்தது. பிறகு வந்தவை இன்னும் கூர்மையானவை. டீப்கூல் ஏகே620 டிஜிட்டல் மாதிரியான ஏர் கூலர்கள்கூட இப்போது தலையில் எண் காட்டுகின்றன. பெரும்பாலானவை மதர்போர்டின் 9 முள் யூஎஸ்பி 2.0 இணைப்பில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். சிபியூ வெப்பநிலையை அளப்பதும் கூலர் அல்ல. கணினியில் ஓடும் மென்பொருள் சிபியூவிடம் கேட்டு, யூஎஸ்பி வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. மென்பொருளை மூடினால் அந்த எண் புதிதாக வராது.

சிபியூவுக்கு அந்த எண் எப்படித் தெரியும்? சிலிக்கானுக்குள் பாதரசம் வைக்க முடியாது. பி, என் என்ற இருவகைச் சிலிக்கான் சேரும் சந்தியே வெப்பமானி. பிஎன் சந்தியில் மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்துச் சூடேற்றினால், அதன் முன்னோக்கு மின்னழுத்தம் (மின்னோட்டம் பாயும்போது சந்தியின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம்) டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இதில் ஒரு சிக்கல். தொடக்க மின்னழுத்தம் ஒவ்வொரு சந்திக்கும் கொஞ்சம் வேறுபடும். உற்பத்தியில் வரும் சிறு மாறுபாடுகளே காரணம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஒரு அழகான தந்திரம். ஒரே சந்தியில் முதலில் ஒரு மின்னோட்டம், அடுத்து அதைப்போல் பத்து மடங்கு செலுத்தி, இரண்டு மின்னழுத்தங்களையும் கழியுங்கள். சந்திக்குச் சந்தி மாறும் அந்தத் தொல்லை இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் கழிந்துபோகும். மிஞ்சும் வித்தியாசம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம்: கெல்வினுக்கு 0.198 மில்லிவோல்ட். 27 டிகிரி செல்சியஸில் 59.5 மில்லிவோல்ட், 100 டிகிரியில் 74. போல்ட்ஸ்மன் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம், பத்தின் இயல் மடக்கை ஆகிய மூன்றையும் கொண்டே இந்த எண் வந்துவிடுகிறது. எந்தத் தொழிற்சாலையில் செய்த சந்தி என்று கேட்கவே வேண்டியதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸையும் கலெக்டரையும் சேர்த்து முறுக்குங்கள். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் மின்தடை வழியாக அந்த முனைக்கு இணைத்து, எமிட்டரைக் கிரவுண்டில் வையுங்கள். மல்டிமீட்டரில் 2 வோல்ட் அளவில் ஏறக்குறைய 0.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மின்தடையை 100 கிலோஓமாக மாற்றினால் சுமார் 60 மில்லிவோல்ட் இறங்கும். பிளாஸ்டிக் உறையில் போட்ட ஐஸ் கட்டியை டிரான்சிஸ்டர் மீது வைத்தால், இரண்டு அளவுகளும் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் ஏறும். சாதாரண 1என்4148 டையோடில் செய்தால் வித்தியாசம் நூறைத் தாண்டிப்போய்க் குழப்பும். அது இந்தச் சமன்பாட்டுக்கு அவ்வளவு கீழ்ப்படியாது. பிளஸ் டூ ஆய்வகத்தில் பிஎன் சந்தியின் வரைபடம் போடவைக்கிறோம். பக்கத்தில் ஒரு ஐஸ் கட்டியை வைத்து மறுபடி போடச் சொல்வதில்லை. சில ரூபாய் செலவில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய ஆச்சரியம் இப்படி வீணாகிறது. ஸ்மார்ட் வகுப்பறைத் திரைகளுக்கு மட்டும் பணம் கிடைத்துவிடுகிறது.

சிபியூ தரும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இன்டெல் சில்லு தன் உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். வரம்பு 100 என்றால் மென்பொருள் அதிலிருந்து கழித்துக் காட்டுகிறது. வரம்புக்கு அருகில் அளவு துல்லியம், கீழே போகப்போகத் தளர்வு. ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. தெரியாதவர்கள் நல்ல கூலரைக் குறை சொன்னார்கள்.

திரைகள் பெரிதாகக் காட்டும் சிபியூ வெப்பநிலைதான் கூலரைப் பற்றிக் குறைவாகச் சொல்லும் எண். பிரௌசரைத் திறந்தாலே ஒரு நொடிக்குள் 45இலிருந்து 75க்குத் தாவும், இறங்கும். திரவமோ நிதானமானது. கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1000 ஜூல் வேண்டும். 200 வாட் சூடு முழுக்க உள்ளேயே தங்கினாலும் டிகிரிக்கு 5 நொடி. ஆகவே திரவத்தின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேனை ஓட்டினால் அது ஏறி இறங்கிக் கத்தாது.

பழுது பார்க்கவும் இதுவே உதவும். சிபியூ வெப்பநிலையிலிருந்து திரவத்தின் வெப்பநிலையைக் கழித்தால், சிபியூவும் தகடும் தொட்டிருக்கும் பரப்பின் நிலை தெரியும். திரவத்தின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்தால் ரேடியேட்டரின் நிலை. முழுச் சுமையில் திரவம் 36இலேயே நிற்க, சிபியூ உடனே 95க்குப் போனால் பேஸ்ட் சரியில்லை, திருகு ஒருபக்கம் தளர்ந்திருக்கிறது, அல்லது தகட்டின் பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. திரவமே 50ஐத் தாண்டினால் ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கும் அல்லது ஃபேன் நின்றிருக்கும். குழாய்களைத் தொட்டும் பாருங்கள்: நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 200 வாட்டில் இரண்டு குழாய்களுக்கும் 3 டிகிரிதான் வித்தியாசம். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஓட்டமே இல்லை. களகளவென்று சத்தம் வந்தால் பம்பில் காற்று. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுகள் போகப்போக ரப்பர் குழாய் வழியே திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகும்; அந்த இடத்தில் சேரும் காற்று மேலேதான் தங்கும்.

திரவத்தின் அளவைப் பார்க்கத் திரை வேண்டியதில்லை. திரையில்லாத பல மாடல்களின் பம்பிலேயே சென்சார் உண்டு. லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் என்ற மென்பொருள் அவற்றில் பலவற்றை இலவசமாகப் படிக்கும், லினக்ஸில் லிக்விட்சிடிஎல் இருக்கிறது. சென்சார் இல்லாத கூலரா? மதர்போர்டில் ‘டி சென்சார்’ என்ற 2 முள் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். சூடேறச் சூடேற மின்தடை குறையும் 10 கிலோஓம் என்டிசி தெர்மிஸ்டர் ஒன்றை ரேடியேட்டர் தொட்டியின் ஓரத்தில் அலுமினிய டேப்பால் ஒட்டினால், உண்மையைவிட ஓரிரு டிகிரி குறைத்துக் காட்டும். ஃபேனை ஓட்ட அது போதும். செலவு நூறு ரூபாய்க்குள்.

திரையுள்ளதை ஏற்கெனவே வாங்கியிருந்தால், காட்சியைத் திரவ வெப்பநிலைக்கு மாற்றுங்கள். ஃபேன்களை அதே மென்பொருளின் கட்டுப்பாட்டில் இணைத்து, 38 டிகிரி வரை 40 சதவீதம், 45இல் 70, 52இல் 100 என்று வையுங்கள். கோடையில் அறையே 34க்கு வரும் சென்னை வீடுகளுக்கான கணக்கு இது. ஏசி அறை என்றால் எல்லாவற்றிலும் 6 டிகிரி கழித்துக்கொள்ளலாம். ஒரே சென்சாரை இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கேட்டால் எண் உறைந்துபோகலாம், ஒன்றை மூடிவிடுங்கள். ஓஎல்இடி திரையாக இருந்தால் ஒரே எண்ணை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், தடம் பதிந்துவிடும்.