இடைநீக்கு என்றால் எதை நீக்குவது?

ஓடுகிற கணினியை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் சஸ்பெண்ட் என்ற கட்டளைக்கு 'இடைநீக்கு' என்று இன்னொரு கையேட்டிலும் போட்டிருக்கிறார்கள், இனிப் பொறுக்க ஏலாது. கிளிநொச்சியில் லினக்ஸ் இயங்குதளம் பழக வருகிற பிள்ளைகளின் கையில் இருந்த கையேடு அது. 'மெய்நிகர் இயந்திரத்தைப் பாதுகாப்பாக இடைநீக்குதல்' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. பாதுகாப்பாக நீக்குவதாம்!

சொற்பிறப்பைக் கெதியாக முடித்துவிடுவோம். மெய்நிகர் என்றால் மெய்க்கு நிகரானது. ஒரு கணினிக்குள் மென்பொருள் உண்டாக்கிக் காட்டும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் இயந்திரம். புதுச் சரக்கும் இல்லை, ஐபிஎம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்று இதற்கான மென்பொருளை வெளியிட்டது. இயந்திரமா பொறியா என்று சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும், எனக்கு இரண்டும் சரி. சஸ்பெண்ட் லத்தீனிலிருந்து வந்தது, தொங்கவிடுதல் என்று பொருள். அதனால்தான் ஆங்கிலத்தில் பாலத்துக்கும் அதே சொல், விசாரணை முடியும்வரை வீட்டில் இருத்தப்பட்ட அரச ஊழியருக்கும் அதே சொல்.

பிழை அந்த ஊழியரிடமிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'பணி இடைநீக்கம்' என்று எழுதுகின்றன, பணியிலிருந்து ஆளைச் சில காலம் நீக்குகிறார்கள், பொருத்தம்தான். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்டதை எடுத்து, கணினியின் தலையில் வைத்துவிட்டார். இங்கே எது எதிலிருந்து நீங்குகிறது? ஒன்றும் நீங்கவில்லை. திறந்திருந்த கோப்பு, பாதியில் நின்ற வரி, நினைவகத்தில் இருந்த அவ்வளவும் அப்படியே பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேலையையே செய்கிறோம். நடப்பதற்கு நேர் எதிரான வினையைப் பிடித்து அதற்குப் பெயராக வைப்பது என்ன கெட்டித்தனம்?

இது வெறும் சொற்சுத்தம் பற்றிய கோபம் இல்லை. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான வெர்ச்சுவல்பொக்ஸில் இயந்திரத்தின் பெயரில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ரிமூவ் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் 'நீக்கு' என்றுதான் எவரும் சொல்வார்கள். அதை அழுத்தினால் கோப்புகள் எல்லாவற்றையும் அழிக்கவா, அல்லது பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா என்று கேட்கும். கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அந்தக் கேள்வி வரைக்கும் போய்விட்டாள். ஏனம்மா அதை அழுத்தினாய் என்றால், "சேர், நீக்கு எண்டுதானே போட்டிருக்கு?" என்கிறாள். அவளில் என்ன பிழை?

'உறங்கவை' என்று சிலர் எழுதுகிறார்கள். இனிமையான சொல், ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. உறக்கம் என்பது இயங்குதளம் தானாகக் கண்ணை மூடுவது. சஸ்பெண்ட் வெளியிலிருந்து செய்யப்படுவது, உள்ளே ஓடுகிற லினக்ஸுக்கு தான் நிறுத்தப்பட்டதே பொதுவாகத் தெரியாது. மூன்று நாள் கழித்து எழுப்பினால் அதன் கடிகாரம் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டு நிற்கக்கூடும், நேரத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு ஏதும் இல்லாவிட்டால்.

இலங்கையில் நாம் எழுதும் 'இடைநிறுத்து' எவ்வளவோ மேல். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பழி ஆங்கிலத்துக்கு. அதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருளான விஎம்வெயரில் சஸ்பெண்ட் என்றால் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு நிறுத்துவது. லினக்ஸில் இந்த இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் 'விர்ஷ் சஸ்பெண்ட்' என்ற கட்டளை என்றால் ஓட்டத்தை மட்டும் நிறுத்துவது, எல்லாம் நினைவகத்திலேயே கிடக்கும். வட்டில் எழுத அங்கே 'மனேஜ்ட்சேவ்' என்று வேறு கட்டளை. கரண்ட் போகாத ஊர்க்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்த நமக்கு நன்றாகப் படும்: யூபிஎஸ் கைவிட்ட கணமே நினைவகத்தில் விட்டது தொலையும், வட்டில் எழுதியது பிழைக்கும். ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். நினைவகத்திலேயே விட்டால் இடைநிறுத்து. வட்டில் எழுதினால் 'நிலைகாத்து நிறுத்து'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதைப் படிக்கிற பிள்ளை எதையும் அழிக்கப் போகமாட்டாள். வெர்ச்சுவல்பொக்ஸ்காரரும் சஸ்பெண்ட் என்று எழுதாமல் 'நிலையைச் சேமி' என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும்: அப்படிச் சேமித்ததை வேறு செயலி உள்ள கணினிக்கு மாற்றினால் எழும்பாமல் போகலாம், மாற்றுவதற்கு முன் முறையாக மூடிவிடுங்கள்.

மூடுவதிலும் இரண்டு வகை. ஒன்று, பவர் பட்டனை அழுத்தியதுபோல ஒரு சைகை அனுப்பி, உள்ளே உள்ள இயங்குதளம் எழுதவேண்டியதை எழுதி முடித்துத் தானாக நிற்க விடுவது. இதற்கு 'மூடு' போதும். மற்றது வயரைப் பிடுங்குவது. இதற்கு வன்னியில் நல்ல சொல் இருக்கிறது: நூர். விளக்கை நூர், லைட்டை நூர்த்துப்போட்டுப் படு என்று வீட்டில் சொல்கிறோம். ஊதினால் அணைகிறது, திரியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. பவர் ஓஃபுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சென்னையில் விளங்காது என்பார்கள். அவர்களுடைய இடைநீக்கத்தை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லையா?

லிப்வர்ட்டில் இப்படி நூர்ப்பதற்கு உள்ள கட்டளையின் பெயர் 'டிஸ்ட்ரோய்'. அதே கையேடு அதை 'அழி' என்று மொழிபெயர்த்து, பக்கத்தில் ஆபத்துக் குறியும் போட்டிருக்கிறது. எழுதாமல் இருந்த தரவு போகலாம், உண்மை. ஆனால் பதிந்து வைத்த இயந்திரமும் அதன் வட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எழுதியவர் ஒருமுறை அந்தக் கட்டளையை அடித்துவிட்டு, 'விர்ஷ் ஸ்டார்ட்' போட்டு அது திரும்ப எழும்புவதைப் பார்த்திருக்கலாம்.