விநாடி என்பது எத்தனை நொடி?

பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு நேரே ‘திருவோணம் 18-35’ என்று போட்டிருந்தால், சூரியன் உதித்து 18 நாழிகை 35 விநாடி வரை அந்த நட்சத்திரம் இருக்கிறது என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பது பலருக்கும் தெரியும். அதனால் 18 நாழிகையை 7 மணி 12 நிமிடம் என்று சரியாகப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம், ‘35 விநாடிதானே’ என்று மீதியை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. அந்த 35 விநாடி முழுதாக 14 நிமிடம். உதயம் காலை 6.10 என்றால், நட்சத்திரம் முடிவது பிற்பகல் 1.22க்கு அல்ல, 1.36க்கு.

ஏனென்றால் பஞ்சாங்கத்து விநாடி, கடிகாரத்தின் செகண்ட் அல்ல. அது 24 செகண்ட்.

சொல்லைப் பிரித்தால் விஷயம் விளங்கிவிடும். வடமொழியில் ‘நாடி’ என்றால் குழல். காலக்கணக்கில் அதுவே நாழிகைக்கும் பெயர். ‘வி’ என்ற முன்னொட்டு சேர்ந்து, நாடியின் அறுபதில் ஒரு பங்கு விநாடி ஆயிற்று. (‘வினாடி’ என்றும் எழுதுகிறார்கள். ‘நாடி’ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எனக்கு ‘விநாடி’தான் பிடிக்கும்.) அளவு முழுவதும் அறுபது அறுபதாக இறங்குகிறது: ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி, விநாடிக்கு 60 தற்பரை. தற்பரை 0.4 செகண்ட்.

பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இதே அளவை மூச்சிலிருந்து தொடங்குகிறது. ஆறு மூச்சு ஒரு விநாடி. அப்படியானால் ஒரு மூச்சு 4 செகண்ட், ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, ஒரு நாளைக்கு 21,600. அமைதியாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்குச் சுமார் 15 மூச்சு வரும். பழைய கணக்கு நம் உடம்போடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்பது புரியும்.

இங்கிலீஷ் செகண்ட் வந்த வழி வேறு. லத்தீனில் மணியை அறுபதாகப் பகுத்தது ‘முதல் சிறு பகுதி’. அதை மறுபடி அறுபதாகப் பகுத்தது ‘இரண்டாவது சிறு பகுதி’. முதலாவது மினிட் ஆயிற்று, இரண்டாவது செகண்ட் ஆயிற்று. நாழிகைக்கு விநாடி எப்படியோ, மினிட்டுக்கு செகண்ட் அப்படி. இரண்டும் அறுபதில் ஒன்று. தமிழில் அந்த இடத்துக்கு விநாடியையே வைத்துவிட்டோம். நிமிஷத்துக்கும் இதே கதைதான்: வடமொழியில் கண்ணிமைக்கும் பொழுதைக் குறித்த சொல், நம்மிடம் 60 செகண்டாக நீண்டு நிற்கிறது. ஆனால் இமைப்பொழுது என்ற பொருளில் நிமிஷத்தை இன்று யாரும் கணக்குக்கு எடுப்பதில்லை, அதனால் குழப்பம் இல்லை. விநாடி அப்படி இல்லை, பழைய அளவிலேயே ஆண்டுதோறும் அச்சாகிறது.

அப்படியானால் செகண்டுக்குத் தமிழ் எது? நொடிதான். நொடித்தல் என்றால் விரலைச் சொடுக்குதல். கண்ணிமைப்பும் கைநொடிப்பும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியமே அளவு சொல்கிறது. அந்த ஒரு சொடுக்கையும் நான்காகப் பகுத்தது ஒரு பழைய சூத்திரம்: ‘உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே.’ சொடுக்க நினைக்கும்போது கால் மாத்திரை, விரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடும்போது ஒன்று. இவ்வளவு சின்னப் பொழுதுக்குள் புகுந்து பார்த்திருக்கிறார்கள்! பழைய நொடி சரியாக ஒரு செகண்ட் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பஞ்சாங்கத்தின் நாழிகை, விநாடி, தற்பரை வரிசையில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே செகண்டுக்கு அதைக் கொடுத்தால் எந்தக் கணக்கும் கெடாது. மில்லிநொடி, நானோநொடி என்று கீழே இறங்கவும் வசதி. இலங்கைத் தமிழில் ‘செக்கன்’ என்பார்கள். அதிலும் மயக்கத்துக்கு இடமில்லை.

மாற்றுவதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு: இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். நாழிகையை அப்படிச் செய்தால் மணி வரும், விநாடியை அப்படிச் செய்தால் நிமிடம் வரும், தற்பரையைச் செய்தால் நொடி வரும்.

இதே வழியில் பெரிய அளவுக்கும் போகலாம். வாக்கியப் பஞ்சாங்க மரபில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. 15 நாழிகை 6 மணி; 31 விநாடி 12 நிமிடம் 24 நொடி; 15 தற்பரை 6 நொடி. ஆக 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. இதை, நான்கு யுகங்களும் சேர்ந்த மகாயுகத்தின் 43,20,000 ஆண்டுகளால் பெருக்கினால் 157,79,17,500 நாள், மிச்சமே இல்லாமல் வருகிறது. ஆரியபடர் ஒரு மகாயுகத்துக்குக் கொடுத்த நாள் எண்ணிக்கை இதுவேதான். அந்த 31 விநாடியை 31 நொடி என்று எடுத்து, தற்பரையையும் அதன் அறுபதில் ஒரு பங்காக வைத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 12 நிமிடம் குறைந்துபோகும். 120 ஆண்டில் அது கிட்டத்தட்ட ஒரு நாள். ஒரு மகாயுகத்தில் 98 ஆண்டுக்கும் மேல்.