ஜிபியு 98 சதவீதம் காட்டினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

"இருக்கிற ஜிபியு கார்டு ஃபுல்லா ஓடுது, இன்னொண்ணு வாங்கிக் கொடுங்க" என்று ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கும் யாராவது கேட்டு வந்தால், அந்த சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் நுழைந்து முதலில் ஜிபியுவின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டைக் கொடுப்பேன். ஜிபியு என்பது ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளோடு சேர்ந்தே வருவது அந்தக் கமாண்ட், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கேட்டவர் சொன்னதுபோல 'ஜிபியு-யூட்டில்' என்ற கட்டத்தில் 97, 98 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் நான் பார்ப்பது அதே வரியில் இடப்பக்கம் இருக்கும் வாட் கணக்கை.

என்விடியாவின் டி4 என்ற சர்வர் கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் உச்ச வரம்பு 70 வாட். யூட்டில் 98 சதவீதம் என்று காட்டிக்கொண்டே 32 வாட்டில் நின்றால், அந்த கார்டு முழு மூச்சாக உழைக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சதவீதம் எத்தனை கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) வேலை செய்தன என்பதைச் சொல்வதில்லை. கடந்த சில கணங்களில் (கார்டைப் பொறுத்து ஆறில் ஒரு நொடி முதல் ஒரு நொடி வரை) ஏதாவது ஒரு கெர்னலாவது (ஜிபியுவுக்குக் கொடுக்கும் ஒரு வேலைத்துண்டு) ஓடிக்கொண்டிருந்த நேரம் எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது. நூறு விற்பனையாளர்கள் உள்ள ஜவுளிக்கடையில் ஒருவர் மட்டும் இடைவிடாமல் துணி அளந்துகொண்டிருந்தாலும், இந்தக் கணக்குப்படி கடையே நூறு சதவீதம் பிஸிதான்! டி4-ல் இருப்பது 2,560 கூடா கோர்கள். அவற்றில் பெரும்பகுதி சும்மா இருந்தாலும் இந்த எண் நூறைத் தொடும். பேட்ச் அளவை, அதாவது ஒரே தடவையில் கார்டுக்குக் கொடுக்கும் தரவின் அளவைக் கூட்டிப் பாருங்கள். மெமரி தாங்கும் வரை வாட்டும் ஏறும், வேலையும் சீக்கிரம் முடியும்.

யூட்டில் எண் 90-க்கும் 0-க்கும் இடையே ஊஞ்சலாடினால் கதை வேறு. கார்டு தரவுக்காகக் காத்திருக்கிறது. ஏஐ பயிற்சி மென்பொருளான பைடார்ச்சில் தரவை ஊட்டும் டேட்டாலோடரின் வொர்க்கர் (துணை பிராசஸ்) எண்ணிக்கை நாம் மாற்றாதவரை பூஜ்யம்தான், அதாவது படங்களைப் படிப்பதும் பயிற்சியும் ஒரே பிராசஸில் நடக்கும். இதைப் பிடிக்க ஒருமுறை எடுத்த திரை போதாது. என்விடியா-எஸ்எம்ஐயோடு 'டிமான்' என்ற துணைக் கமாண்டைச் சேர்த்துக் கொடுத்தால் வாட், வெப்பம், யூட்டில், கிளாக் (சிப் ஓடும் வேகம்) எல்லாம் நொடிக்கு ஒரு வரியாக இறங்கிக்கொண்டே வரும். அதில் 'மெம்' என்ற பத்தியைப் பார்த்து மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது மெமரியில் படிப்பதும் எழுதுவதும் நடந்த நேரத்தின் சதவீதம்.

நிரம்பியிருக்கும் மெமரியும் ஏமாற்றும். பைடார்ச் போன்ற இன்னொரு மென்பொருளான டென்சர்ஃப்ளோ இயல்பாகவே கார்டின் மெமரி கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துவைத்துக்கொள்ளும். பைடார்ச் ஒருமுறை வாங்கியதை உடனே திருப்பித் தராது. போதாததற்கு, கண்ட்ரோல்-இசட் அழுத்திவிட்டு 'நிறுத்திவிட்டேன்' என்று வீட்டுக்குப் போகிறவர்கள்! அந்த பிராசஸ் உறங்கிக்கொண்டே மெமரியைப் பிடித்திருக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் (சர்வருக்குள் தனியாகப் பிரித்துவைத்த சூழல்) இருந்து பார்த்தால் பிராசஸ் பட்டியல் காலியாகத் தெரியலாம், அப்போது வெளியே ஹோஸ்டிலிருந்து, அதாவது சர்வரிலிருந்தே பாருங்கள். யாருமில்லாத இரவில் வாட் வரம்பை ஒட்டியே நிற்கிறது, பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று இருக்கிறது என்றால் யாரோ திருட்டுத்தனமாக ஓட்டும் கிரிப்டோ மைனரைச் சந்தேகிக்கலாம். பாஸ்வேர்டு இல்லாமல் வெளியே திறந்துவிட்ட ஜுபிட்டர் நோட்புக் (பிரவுசரிலேயே புரோகிராம் ஓட்டும் கருவி) அதற்கு ஒரு நல்ல வாசல்.

சரி, வேகம் திடீரென்று குறைகிறது, யூட்டில் மட்டும் நூறிலேயே இருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது என்விடியா-எஸ்எம்ஐயின் விரிவான அறிக்கையில் பெர்ஃபார்மன்ஸ் பகுதி. கிளாக் ஏன் இறங்கியது, மின்வரம்பாலா வெப்பத்தாலா என்று அங்கே நேரடியாகவே எழுதியிருக்கும். டி4 போன்ற சர்வர் கார்டுகளில் விசிறியே கிடையாது, ஃபேன் கட்டத்தில் 'என்/ஏ' என்று வருவது பழுதல்ல. சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தவை அவை. அதைச் சாதாரண டவர் கேபினெட்டில் செருகினால் சீக்கிரமே சூடேறித் திணறும்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்டி-எஸ்எம்ஐ (பழைய பதிப்புகளில் ஆர்ஓசிஎம்-எஸ்எம்ஐ), இன்டெலுக்கு இன்டெல்-ஜிபியு-டாப். மூன்று நிறுவனக் கார்டுகளையும் வரைபடத்தோடு ஒரே இடத்தில் பார்க்க என்விடாப் போதும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அப்டேட் போட்ட மறுநாள் 'டிரைவர், லைப்ரரி பதிப்பு பொருந்தவில்லை' என்று என்விடியா-எஸ்எம்ஐ முரண்டு பிடித்தால் பதற வேண்டாம். டிரைவரின் பழைய கெர்னல் மாட்யூல் (இங்கே கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்) இன்னும் மெமரியில் இருக்கிறது, ரீபூட் செய்தால் சரியாகிவிடும். கார்டே பட்டியலிலிருந்து காணாமல் போனால்தான் விஷயம் பெரிது. சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் 'எக்ஸ்ஐடி' (என்விடியா டிரைவரின் பிழை எண்) என்ற சொல்லைத் தேடுங்கள். எண் 79 என்றால் கார்டு பிசிஐ பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது, அதாவது கணினியோடு இருந்த இணைப்பே அறுந்துவிட்டது. அந்த நேரத்தில் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருக்காமல், பெட்டியைத் திறந்து பவர் கேபிளையும் ஸ்லாட்டையும் முதலில் பாருங்கள். வெப்பம் அடுத்த சந்தேகம்.