வீடு மாறினீர்களா? கார் பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள்

வீடு மாறிய சில மாதங்களில் கார் எங்காவது மோதி, பாலிசி காலாவதியாகிவிட்டது என்பதே அப்போதுதான் தெரியவந்து கைபிசைந்து நிற்கும் குடும்பங்கள் கிளைம் பிரிவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் டிசி, ரேஷன் கார்டு என எல்லாவற்றையும் தேடித்தேடி மாற்றியிருப்பார்கள். கார் பாலிசி மட்டும் பழைய விலாசத்திலேயே கிடக்கும். பிரீமியம் கட்டப் பணம் இல்லாமல் விட்டவர்கள் இவர்களில் அபூர்வம். தேதி தெரியாமல் போனதுதான் காரணம். அதனால்தான் இத்தனை ஆதங்கம்.

முதலில் ஒன்று: பாலிசியில் பழைய விலாசம் இருக்கிறது என்பதற்காகவே பாலிசி செல்லாமல் போய்விடாது. அந்தப் பயம் வேண்டாம். ஆபத்து வேறு வழியில் வருகிறது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது. குறுஞ்செய்தியோ, நீங்கள் தூக்கிப்போட்ட பழைய சிம்முக்குப் போகிறது. பல பாலிசிகளில் பதிவாகியிருப்பது உரிமையாளரின் எண்ணே அல்ல, ஷோரூம் ஊழியரின் எண் அல்லது ஏஜென்ட்டின் எண். அதே ஊரில் இருக்கும்வரை ஏஜென்ட் நேரில் வந்து நினைவூட்டுவார். ஊர் மாறியதும் அதுவும் நின்றுபோகிறது.

இதோடு சேர்ந்துகொள்வதுதான் ‘புது கார்தானே, மூன்று வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்ற நம்பிக்கை. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் போகமாட்டேன் என்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி காப்பீடு, அதாவது உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடு, கட்டாயம். மூன்று வருஷம் என்பது அதற்கு மட்டும்தான். உங்கள் கார் அடிபட்டாலோ, திருடு போனாலோ, தீப்பிடித்தாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ பணம் தருவது ஓன் டேமேஜ் என்ற இன்னொரு பகுதி. ஷோரூமில் தரும் பாலிசியில் அது பெரும்பாலும் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டுக் காலம் என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருக்கும். 2024 ஜூன் 10-இல் எடுத்த பாலிசி என்றால், ஓன் டேமேஜ் 2025 ஜூன் 9 நள்ளிரவோடு முடிந்துவிடும். தேர்டு பார்ட்டி 2027 ஜூன் 9 வரை ஓடும். இடைப்பட்ட இரண்டு வருஷமும், ஓன் டேமேஜைத் தனியாகப் புதுப்பிக்காவிட்டால், எதிரே வந்தவருக்கு ஆன காயத்துக்கும் சேதத்துக்கும் காப்பீடு உண்டு, உங்கள் பம்பருக்குக் கிடையாது. ‘போலீஸ்காரர் பார்த்துவிட்டு விட்டுவிட்டாரே’ என்பார்கள். சட்டம் கட்டாயப்படுத்துவது தேர்டு பார்ட்டியை மட்டும்தான். சாலையில் சோதிப்பவர் உங்கள் ஓன் டேமேஜைப் பற்றிக் கவலைப்படமாட்டார்.

காலாவதியானால் கருணைக் காலம் இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. விபத்துக்குக் கருணைக் காலம் கிடையாது. நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடத்தில் மோதினாலும் கிளைம் இல்லை. 90 நாள் என்று காதில் விழுவது நோ கிளைம் போனஸை, அதாவது கிளைம் வாங்காத வருஷங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியை, காப்பாற்றும் கெடு மட்டுமே. ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி, அந்த 90 நாள் தாண்டினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ரூ.14,000 ஓன் டேமேஜ் பிரீமியம் வரும் காருக்கு ரூ.7,000 நஷ்டம்.

செய்யவேண்டியவை அதிகமில்லை. சாமான் இறக்கிய வாரத்திலேயே காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு அல்லது அவர்கள் ஆப்பில் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். விலாசத்துக்கு முன் இதுதான் அவசரம். பிறகு விலாச மாற்றத்துக்கு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த திருத்தத்துக்கான தாள், கேளுங்கள். எழுத்தில் வரும் அந்தத் தாளைப் பாலிசியோடு வையுங்கள். ‘சார், சிஸ்டத்தில் மாற்றிவிட்டோம்’ என்று போனில் சொல்வதோடு விடாதீர்கள். ஆதாரில் மாற்றினால் பாலிசியிலும் ஆர்சி என்ற வாகனப் பதிவுச் சான்றிதழிலும் தானாக மாறிவிடும் என்பதும் தப்பு. மூன்றும் தனித்தனி.

ஆர்சியில் விலாசத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 49-ஆம் பிரிவு தரும் கெடு 30 நாள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 33-ஐ நிரப்பவேண்டும். பழைய கைப்பேசி எண் பதிவாகியிருந்தால் ஓடிபி வராது, அதை முதலில் மாற்றவேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. இந்த விண்ணப்பத்துக்கே நடப்பில் உள்ள இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் வேண்டும். பாலிசியைக் காலாவதியாக விட்டால் இதுவும் முடங்கும்.

ஆர்சி விலாசத்தை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். விபத்தில் யாராவது காயம்பட்டு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், சம்மன் ஆர்சியில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். நீங்கள் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்து முடியும். ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம் என்றுகூட உத்தரவு வரலாம். உங்கள் தரப்பைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. 12 மாதத்துக்கு மேல் அங்கேயே கார் இருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்கவேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். புது எண் கிடைத்த அன்றே பாலிசியிலும் அதை ஏற்றுங்கள். ஆர்சியில் ஒரு எண், பாலிசியில் வேறு எண் என்று வந்தால் கிளைம் இழுத்துக்கொண்டே போகும். ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மண்டலம் பார்ப்பது பதிவான ஆர்டிஓவை வைத்துத்தான். கோவை கார் பெங்களூரு எண்ணுக்கு மாறினால் பெருநகரங்களுக்கான ஏ மண்டலத்துக்குப் போகும், கொஞ்சம் கூடுதலாகக் கட்டவேண்டி வரும். கட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே காலாவதியாகிவிட்டதா? காரை வெளியே எடுக்காதீர்கள். தேர்டு பார்ட்டியும் போயிருந்தால் முதல் முறை பிடிபட்டாலே ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. ஓன் டேமேஜ் வேண்டுமென்றால் காரை ஆய்வு செய்த பிறகே பாலிசி தருவார்கள். நான்கு பக்கமும், ஓடோமீட்டரும், சேசிஸ் எண்ணும் தெரியப் படமோ வீடியோவோ எடுப்பார்கள். பகல் வெளிச்சத்தில், காரைக் கழுவிவிட்டுக் காட்டுங்கள். இருக்கும் நசுங்கலை மறைக்காதீர்கள். பணம் கட்டிய ரசீதை நம்பிக் கிளம்பாமல், புது பாலிசியில் காப்பீடு தொடங்கும் தேதியையும் மணியையும் பார்த்த பிறகு சாவியை எடுங்கள்.