எந்த வருஷத்து என்ஜின்?

செங்கோட்டையில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் பட்டறை. என்ன வேலை என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். கடையில் தயாராக விற்கும் மாடல் ரயில் என்ஜின்களை, நிஜ என்ஜின் ஒருகாலத்தில் எப்படி இருந்ததோ அப்படித் திருத்திக் கொடுக்கிறேன். நம்பர் மாற்றுவேன், தடித்த பிளாஸ்டிக் கைப்பிடியை எடுத்துவிட்டுக் கம்பி வைப்பேன், புகையும் அழுக்கும் ஏற்றுவேன். புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் பக்கமிருந்துதான் அதிகம் வரும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே பத்திரமாக ஒரு என்ஜின் இருக்கும்.

கொண்டுவருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எந்த வருஷம்?

"1923" என்பார்கள். அது கட்டிய வருஷம். நான் கேட்பது, இந்த மாடல் எந்த நாளில் நிற்கிறது என்று. நாற்பது, ஐம்பது வருஷம் ஓடிய என்ஜின் ஒரே முகத்தோடு இருந்திருக்காது. ஒவ்வொரு முறை பெரிய பழுதுக்குப் பட்டறை போய்வரும்போதும் ஏதாவது மாறியிருக்கும்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 அக்டோபர் 31 அன்று இது திருவிதாங்கூர்-கொச்சி. மறுநாள் காலையில் சென்னை மாநிலம். ரயில் கம்பெனியும் அப்படித்தான். 1951 ஏப்ரல் 13 வரை சவுத் இந்தியன் ரயில்வே, 14-ஆம் தேதி முதல் சதர்ன் ரயில்வே. அதற்காக 14-ஆம் தேதி காலையில் எல்லா என்ஜினிலும் எழுத்து மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பெயின்ட் அடிக்கும் முறை வரும்வரை பழைய எழுத்தோடு ஓடியவை இருக்கும். அதனால்தான் ஆண்டு மட்டும் போதாது, அந்த ஆண்டில் எடுத்த போட்டோ வேண்டும் என்கிறேன். அதுவும் அதே நம்பர் என்ஜினின் போட்டோ. அண்ணன் போட்டோவைப் பார்த்துத் தம்பிக்கு மீசை வரையக் கூடாது.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். புனலூரிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர், ஓய்வுபெற்றவர், ஹார்ன்பி கம்பெனியின் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' மாடலைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் பேர்பெற்ற நீராவி என்ஜின் அது. இளம்பச்சை நிறம், 4472 என்ற எண். கூடவே ஒரு வண்ணப் படம். அதில் அதே பச்சை, அதே எண், ஆனால் கொதிகலன் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் புகைவிலக்கித் தகடுகள். "இதை மட்டும் வெச்சுக் குடுங்க" என்றார்.

"சேராது சார்" என்றேன். கையில் குறிப்பு நோட்டோடு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். 1923 பிப்ரவரியில் டான்காஸ்டரில் கட்டி இறக்கியபோது எண் 1472. 1924-ல்தான் 4472. 1946-ல் ஒரே வருஷத்தில் முதலில் 502, அப்புறம் 103. தேசியமயமான 1948-ல் 60103. தொடக்கத்தில் ஏ1 வகுப்பாக இருந்த என்ஜின் 1947-ல் கொதிகலனை மாற்றியதில் ஏ3 ஆனது. 1954 வரை வலப்பக்கம் நின்று ஓட்டிய டிரைவர் அதன்பின் இடப்பக்கம் வந்தார். 1959 ஜனவரியில் இரட்டைப் புகைபோக்கி வந்தது. அதில் புகை வேகமில்லாமல் மெதுவாக வெளியேறிக் கொதிகலன் மேலேயே தவழ்ந்து டிரைவர் கண்ணை மறைத்தது. அதற்காக 1961 டிசம்பரில் தகடு மாட்டினார்கள். 1963 ஜனவரியில் சேவையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆக, தகடோடு சர்வீஸில் ஓடியது சுமார் 13 மாதம், அதுவும் கரும்பச்சையில், 60103 என்ற எண்ணில். இளம்பச்சையும் தகடும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை என்று முடித்தேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தை என் பக்கம் நகர்த்தினார். பின்னணியில் நவீன கார்கள் நின்றன.

பாதுகாக்கப்பட்ட என்ஜினாகச் சுற்றுலா ரயில் இழுத்த காலத்தில், 2000-களின் தொடக்கத்தில், அதே இளம்பச்சை, அதே 4472, இரட்டைப் புகைபோக்கி, தகடு எல்லாவற்றோடும் அது ஓடியிருக்கிறது. என் நோட்டு 1963-ல் முடிந்துவிட்டது, என்ஜின் முடியவில்லை. வேலையைச் செய்து கொடுத்தேன். ஒரு நிபந்தனைதான் போட்டேன்: பின்னால் கட்டும் பெட்டிகளும் அந்தக் காலத்தவையாக இருக்க வேண்டும். 1930-களின் தேக்குமரப் பெட்டியை இதன் பின்னால் கோத்தால் மொத்தமும் கெட்டது.

இதே என்ஜினின் டெண்டருக்கு, அதாவது பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்துவரும் வண்டிக்கு, ஒரு தனிக்கதை. 1928 மே 1-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் நிற்காமல் ஓடத் தொடங்கியபோது, நடுவழியில் டிரைவர் மாற நிலக்கரி டெண்டருக்குள்ளேயே ஒரு நடைபாதை வைத்தார்கள். 18 அங்குல அகலம், 5 அடி உயரம். ஆள் குனிந்து ஒருக்களித்துத்தான் போகலாம். சர்வீஸ் காலத்தில் 4472-க்கு 1936 வரை அந்த டெண்டர். உங்கள் மாடலின் டெண்டர் பின்சுவரில் வட்டச் சன்னலும் பெட்டியோடு இணைக்கும் கூடும் இருந்தால் நடைபாதை டெண்டர். தேதியோடு பொருந்துகிறதா என்று முதலில் அங்கே பாருங்கள். புகைபோக்கியை எல்லோரும் பார்ப்பார்கள், டெண்டரைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கும் பழைய நீராவி என்ஜின்களை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். அளவெடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, டேப்போடு போங்கள். நிறத்துக்கு மட்டும் அதைப் பார்க்க வேண்டாம். விழாவுக்கு விழா அலுமினியப் பெயின்டும் சிவப்பும் பூசிக் கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருப்பார்கள்.

அளவு விஷயத்தில் சில கசப்புகளை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் மாடல்கள் 76-ல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். கணக்குப் போட்டால் நிஜத்தில் 1254 மி.மீ. வருகிறது, இருக்க வேண்டியது 1435. ஏழு அங்குலம் குறுகல், முன்னாலிருந்து பார்த்தால் என்ஜின் கால் ஒடுக்கி நிற்கும். நம் அகலப்பாதை 1676 மி.மீ., நம் என்ஜின்களை நாங்கள் செய்யும் 87-ல் ஒரு பங்குக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். அதையும் 16.5-ல்தான் ஓட்டுகிறோம். சக்கரத்தை மாற்ற எல்லோராலும் முடியாது, விட்டுவிடுங்கள். கண் முதலில் போவது கம்பிகளில். கைப்பிடி நிஜத்தில் ஒன்றேகால் அங்குலம் என்றால் மாடலில் 0.4 மி.மீ. வார்ப்பில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடி பல சமயம் அதைப்போல இரண்டு மடங்கு. இதை மட்டும் மாற்றினாலே என்ஜின் மெலிந்து நிஜமாகிவிடும். நிலக்கரியும் அப்படி: நிஜத்தில் முஷ்டியளவு இருக்கும் கட்டி மாடலில் 1.3 மி.மீ.தான் வரும், கரியை உடைத்துச் சலித்துப் போடுங்கள்.

சரி, இப்போது பணத்தைத் தின்னும் விஷயத்துக்கு வருகிறேன்.

என்ஜின் சக்கரம் சறுக்காமல் இழுக்க உள்ளே எடை ஏற்றுவது வழக்கம். நீண்டகரையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் மலிவாகக் கிடைக்கும். தொழில் தொடங்கிய புதிதில் அவற்றை ஒரு கொதிகலனுக்குள் கொட்டி, மரவேலைக்கு ஊற்றும் வெள்ளைப் பசையை மேலே விட்டு இறுக வைத்தேன். வாடிக்கையாளருக்கு ரொம்பச் சந்தோஷம், பன்னிரண்டு பெட்டி இழுத்தது. இரண்டு மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்தது. கொதிகலன் தையலில் பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை மாவு மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் கையால் உருட்டி ஒட்டிய பட்டைகள் எல்லாம் விரிந்துபோயிருந்தன.

அந்தப் பசையில் அசெட்டிக் அமிலம் கொஞ்சம் இருக்கும். அமிலம், ஈரம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மூன்றும் சேர்ந்து ஈயத்தைக் கார்பனேட் ஆக்கும். பழைய காலத்தில் வெள்ளைப் பெயின்டுக்கான பொடியையே ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள். ஈயம் இருந்த இடத்தைவிட அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் கூட்டையே உடைத்துக்கொண்டு வரும். எடையை எபாக்ஸியில் பதியுங்கள். அந்த வெள்ளைப் பொடி விஷம், ஊதிவிடாதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு எடுக்காதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஈயமே வேண்டாம், பித்தளைத் துண்டு போதும்.

எங்கள் பக்கத்துச் சாரலுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாக அது வீசும் மாதங்களில் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். வேகமாக உலரும் திரவம் பரப்பைக் குளிரவைத்து ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நான் ஸ்ப்ரே எடுப்பது வெயில் முகம் காட்டும் மத்தியானங்களில் மட்டும், அதுவும் முகமூடியோடு. சூப்பர் க்ளூ ஈரத்தில்தான் இறுகும், ஆகவே இங்கே அவசரமாகப் பிடிக்கும். அதன் ஆவி டிரைவர் அறைச் சன்னலில் படிந்தால் கண்ணாடி மங்கிப்போகும், துடைத்தாலும் போகாது. சன்னலை வேறு பசையில் ஒட்டுங்கள், அல்லது கடைசியாக மாட்டுங்கள்.

அழுக்கேற்றுவதிலும் தேதிதான் பேசும், கூடவே பாதையும். போன வருஷம் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் வந்தார், எனக்கு அண்ணாச்சி முறை. மீட்டர் கேஜ் காலத்து வொய்டிஎம்4 டீசல் ஒன்று வேண்டும் என்றார். 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் வெளிநாட்டு மாடல் ஒன்றின் அடிப்பகுதியை வைத்து மேல் உடம்பை நானே வெட்டினேன். 12 மி.மீ. என்றால் மீட்டர் கேஜுக்கு 87-ல் ஒரு பங்கில் கிட்டத்தட்டச் சரி. முன்னும் பின்னும் ஓரத்தில் மோதலைத் தாங்கும் பஃபர் இரண்டையும் எடுத்துவிட்டு மீட்டர் கேஜுக்கே உரிய நடு பஃபர் ஒன்று. பக்கவாட்டில் பொன்மலை ஷெட் பெயர்.

"எந்த வருஷம் அண்ணாச்சி?"

"2010 ஆகஸ்ட். அடுத்த மாசம் நம்ம புனலூர் மீட்டர் கேஜ் லைனை மூடிட்டாங்கல்லா."

அழுக்கை அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பூசினேன். ஆரியங்காவு தாண்டினால் புனலூர் வரைக்கும் இறக்கம், பிரேக்தான். கட்டை தேய்ந்த இரும்புத் தூள் சக்கரத்தைச் சுற்றித் துருநிறமாக அப்பியிருக்கும். நான் கறுப்பாகப் பூசியதை அவர் விரலால் சுட்டி, "அது எண்ணெய் கசியுற இடத்துல மட்டும்" என்றார். கூரையில் புகைக்கரி சரி. ஏறும் படியில் பெயின்ட் தேய்ந்து இரும்பு மின்ன வேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டு காய வேண்டும். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துத் துண்டு செய்தேன், ஓரத்தில் சிவப்புக் கரை.

முடித்து மேஜையில் வைத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. மலையேறப் பின்னாடி தள்ளுற பேங்கர் எங்கே?"

இரண்டாவது என்ஜினுக்கு இப்போது தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.